'எதிர்மறை வலுவூட்டல்' வேண்டாம், 'நீக்கி வலுவூட்டல்' போதும்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் வரி ஒன்று உண்டு: "பாராட்டுவது நேர்மறை வலுவூட்டல், திட்டுவது எதிர்மறை வலுவூட்டல்." பின்பாதி முழுத் தவறு. திட்டுவது தண்டனை. கல்வி உளவியலில் தண்டனையும் எதிர்மறை வலுவூட்டலும் நேரெதிர் வேலை செய்பவை. ஆனாலும் படிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் கொடுத்த சொல் அப்படித்தான் பொருள் தருகிறது.

முதலில் 'வலுவூட்டல்'. ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் ஆய்வுகள் 1927இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, இதன் ஆங்கிலச் சொல்லான 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' உளவியலில் பரவியது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் அதைத் தன் செயல்படு ஆக்கநிலையிறுத்தக் கொள்கையின் (விளைவைப் பொறுத்து ஒரு செயல் கூடும் அல்லது குறையும் என்னும் கொள்கையின்) மையச் சொல்லாக்கினார். தமிழில் வல் என்ற வேரிலிருந்து வலு. உண் என்பதன் பிறவினையாக ஊட்டு. நல்ல ஆக்கம், குறையே இல்லை. வலு ஊட்டப்படுவது குழந்தைக்கு அல்ல, நடத்தைக்கு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு செயலின் விளைவால் அந்தச் செயல் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அவ்வளவுதான்.

அப்புறம் 'எதிர்மறை' என்ற அந்த முன்னொட்டு. கூண்டின் தரையில் லேசான மின்சாரம் ஓடுகிறது. எலி நெம்புகோலை அழுத்தினால் அது நின்றுவிடும். எலி மேலும் மேலும் அழுத்தக் கற்றுக்கொள்கிறது. இங்கே அழுத்தும் செயல் கூடியிருக்கிறது, ஆகவே இது வலுவூட்டல். பிடிக்காத ஒன்று விலகியதால் கூடியது என்பதைத்தான் 'நெகட்டிவ்' குறிக்கிறது. கணக்கில் வரும் கழித்தல் குறி அது. நல்லது, கெட்டது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தமிழில் 'எதிர்மறை' கழித்தலைச் சொல்வதில்லை. இலக்கணத்தில் அது மறுப்பு: செய்யாதே, வாரான், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நம் பாடநூல்களே கணக்கில் 'குறை முழுக்கள்' என்றுதான் சொல்கின்றன. இலங்கையில் 'மறை எண்' என்பார்கள். இலக்கணம் படித்த காதில் 'எதிர்மறை வலுவூட்டல்' என்ன சொல்லும்? வலுவூட்டாமை. செய்தித்தாள் படித்த காதிலோ எதிர்மறை விமர்சனம், எதிர்மறை எண்ணம் ஆகியவற்றின் வரிசையில் போய்ச் சேர்ந்து 'கெட்ட வலுவூட்டல்' ஆகிவிடும். எப்படிக் கேட்டாலும் தண்டனையில்தான் போய் முடிகிறது.

ஆங்கிலத்திலும் இதே குழப்பம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஸ்கின்னரே 1938இல் வெளிவந்த தன் முதல் நூலில் இன்று தண்டனை என்று நாம் சொல்வதற்குத்தான் 'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்ற பெயரை வைத்தார். 1953இல்தான் இன்றைய பொருளில் எழுதினார். 1975இல் ஜாக் மைக்கேல் என்ற உளவியலாளர், நேர், எதிர் என்ற இந்தப் பிரிவே தேவையில்லை என்று வாதிட்டார். மூலமொழியில் இத்தனை தொல்லை கொடுத்த சொல்லை அதன் தொல்லையோடு சேர்த்து இறக்குமதி செய்வானேன்? மொழிபெயர்ப்பவருக்குச் சொல்லைத் தெளிவாக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. அகராதியில் 'நெகட்டிவ்' என்றால் எதிர்மறை என்று பார்த்த கையோடு எல்லா இடத்திலும் அதை ஒட்டுகிறவர்கள் அந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் முடிவு 'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாக மூச்சுவிட்ட மக்களுக்கு, அந்தச் சொல் 'இல்லை' என்று மட்டுமே சொல்கிறது என்பது புரிந்திருந்தது.

இது வெறும் சொற்சண்டை என்று ஒதுக்க முடியாது. 1982இல் உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் வளர்ச்சிக் குறைபாடுள்ள 9 பேரை வெவ்வேறு சூழல்களில் கவனித்தார்கள். ஒரு சூழலில், பாடம் நடக்கும்போது அந்த நடத்தை வந்தால் 30 வினாடி பாடத்தை நிறுத்தினார்கள். சிலருக்கு அந்தச் சூழலில்தான் நடத்தை மிகுந்தது: பாடத்திலிருந்து தப்பிக்கும் வழியாக அது மாறியிருந்தது. 1994இல் 152 பேரின் தரவுகளைத் தொகுத்தபோது, ஏறக்குறைய 38 சதவீதத்தினரிடம் இப்படித் தப்பிப்பதே காரணமாகத் தெரிந்தது. கணக்கு தொடங்கியதும் கத்தும் பையனை வெளியே அனுப்பும் ஆசிரியர், தான் தண்டிப்பதாக நினைக்கிறார். அவனுக்குக் கணக்கு பிடிக்காமல்தான் கத்துகிறான் என்றால் அவர் அந்தக் கத்தலுக்கு வலுவூட்டுகிறார். 'எதிர்மறை வலுவூட்டல்' என்றால் தண்டனை என்று படித்து வந்தவருக்கு இந்த ஆய்வு எப்படிப் புரியும்?

சரி, மாற்று என்ன? 'குறை வலுவூட்டல்' ஆகாது, குறைவாக வலுவூட்டுவதாகிவிடும். 'நீக்க வலுவூட்டல்' பரவாயில்லை, ஆனால் நீக்கத்துக்கு வலுவூட்டுவது போலவும் ஒலிக்கிறது. வலுவூட்டலில் இரண்டு, தண்டனையில் இரண்டு என நான்கையும் வினையெச்சத்தைக் கொண்டு பிரிக்கலாம்: கொடுத்து வலுவூட்டல், நீக்கி வலுவூட்டல், கொடுத்துத் தண்டித்தல், நீக்கித் தண்டித்தல். கலைச்சொல்லுக்கு வினையெச்சம் அழகில்லை என்பவர்கள் சொல்லட்டும். பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் விளங்கும். 'தண்டித்தல்' வடசொல், 'ஒறுத்தல்' தனித்தமிழ் என்பது எனக்கும் தெரியும். ஒறுத்தல் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் வகுப்பறையில் அதற்கே தனியாக உரை எழுத வேண்டியிருக்கும் என்பதால் இப்போதைக்குத் தண்டித்தலே இருக்கட்டும்.

நீக்கப்படும் பொருளை, அந்த மின்சாரத்தை, 'எதிர்மறை வலுவூட்டி' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். அதற்கு 'வெறுப்புத் தூண்டல்' என்பதே சரி.