ஃபர்கிவிங் அயன்: மன்னிக்கும் இரும்பா, பிழைபொறுக்கும் கோலா?

கோல்ஃப் கருவிகள் விற்கும் இடங்களில் ‘ஃபர்கிவிங்’ என்ற அடைமொழி இல்லாத விளம்பரத்தைக் காண்பது அரிது. பந்து கோலின் தலையில் நடுவே படாமல் சற்று விலகிப் பட்டாலும் அடியின் தூரமும் திசையும் பெரிதாகக் கெட்டுவிடாதபடி வடிவமைத்த கோல் என்பதே அதன் பொருள். வார இறுதிகளில் மட்டும் ஆடி, 72 அடிகளில் முடிக்க வேண்டிய ஆட்டத்தை 90 அல்லது 100 அடிகளில் முடிக்கும் சராசரி ஆட்டக்காரருக்கு இத்தகைய கோலே பரிந்துரைக்கப்படுகிறது. பரிந்துரையில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லை ‘மன்னிக்கும்’ என்று புரிந்துகொண்டு வாங்குபவர் கோலால் ஆகாத ஒன்றையும் அதனிடம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ஆகவே அது எதைக் குறிக்கிறது, எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொன்னால் பொருள் திரியாது என்று பார்ப்பது கோலைத் தேர்ந்தெடுக்கவும் உதவும்.

முதலில் ‘அயன்’. ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டத்துக்குப் பயன்பட்ட கோல்கள் தலை மரமாக இருந்தவை, தலை இரும்பாக இருந்தவை என இருவகைப்பட்டன. அந்தப் பிரிவே இன்றைய பெயராக நிலைத்தது. இரும்புத் தலைக் கோல்களுக்குக் கிளீக், மாஷி, நிப்ளிக் என்று தனித்தனிப் பெயர்கள் வழங்கின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவை மறைந்து எண்கள் வந்தன. எண் கூடக்கூடத் தலையில் பந்தை மோதும் பக்கமான முகத்தின் சாய்வும் கூடும். பந்து உயரமாக எழும்பிக் குறைந்த தூரத்தில் விழும். ஓர் ஆட்டத்துக்கு 14 கோல்களுக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்ற வரம்பை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும், ஆட்ட விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939இலும் விதித்தன. இன்றைய ‘இரும்பு’கள் உண்மையில் எஃகு, மென்கரி எஃகை அடித்து உருவாக்கியவையும், துருப்பிடிக்காத எஃகை வார்த்து எடுத்தவையும் பெரும்பான்மை.

ஆட்டத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வில்பயிற்சிக்கு இடையூறாக இருப்பதாகச் சொல்லிக் கால்பந்தோடு சேர்த்துத் தடை செய்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று. கோல், தடி என்று பொருள்படும் ‘கோல்ஃப்’ என்ற டச்சுச் சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் பலர். தமிழ்க் ‘கோல்’ அதனோடு ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே. அந்த ஒற்றுமையைக் கொண்டு வரலாறு எழுதத் தேவையில்லை. ஆனால் கலைச்சொல் ஆக்குவோருக்கு அது வசதியாக அமைந்துவிட்டது.

‘ஃபர்கிவ்’ பழைய ஆங்கிலச் சொல். ‘கொடு’ என்று பொருள்படும் வினையோடு ‘முற்றிலும்’ என்ற பொருள்தரும் முன்னொட்டு சேர்ந்து பிறந்தது. வரவேண்டிய கடனைக் கேட்காமல் விட்டுக்கொடுத்தல் என்பது அதன் பழம்பொருள்களுள் ஒன்று. உயிரற்ற பொருள்களுக்கு அதை அடைமொழியாக்குவது பிற்கால வழக்கு. உடலின் அளவு சற்று மாறினாலும் ஒத்துப்போகும் துணியையும், தவறாக இயக்கினாலும் உடைந்துவிடாத இயந்திரத்தையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வதுண்டு. கோல்ஃபில் அந்தச் சொல்லுக்குக் குறிப்பான, அளக்கத்தக்க பொருள் கிடைத்ததற்கு கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளரின் வேலையே பெருங்காரணம்.

அவருக்கு முன் இருந்த நிலையைச் சொன்னால்தான் அந்த வேலையின் அளவு விளங்கும். பழைய இரும்புக்கோலின் தலை கத்தியலகைப்போல் மெல்லியது. எடை முழுவதும் முகத்தின் பின்புறத்தில், நடுவை ஒட்டித் திரண்டிருந்தது. ‘பிளேடு’ என்ற பெயரும் அந்த மெல்லிய வடிவத்தால் வந்ததே. நடுவில் பட்டால் கைக்கு அடித்ததே தெரியாது. ஒரு விரலகலம் தள்ளிப் பட்டால் கை அதிரும், பந்து பாதி வழியில் விழும். அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1950ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் போட்டியில் மெரியன் திடலின் கடைசிக் குழியில் அடித்ததாகக் கருதப்படும் 1ஆம் எண் கோல் இன்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முகத்தில் ஒரே இடம் மட்டும் சிறு நாணயத்தின் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. அவ்வளவு துல்லியமாக அடிப்பவருக்கு எந்தப் பொறுமையும் கோலிடமிருந்து தேவைப்படவில்லை.

கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயில் 1911இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். பச்சைத்தரையில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளும் ‘பட்டர்’ தம் கையில் சரியாக நிற்கவில்லை என்பதால், எடையைத் தலையின் இரு ஓரங்களுக்கும் பிரித்து வைத்து 1959இல் ஒன்றைத் தாமே செய்தார். அடிக்கும்போது அது எழுப்பிய ஓசையே ‘பிங்’ என்ற வணிகப் பெயராயிற்று. அதே கருத்தை இரும்புக்கோலுக்கும் கொண்டுவந்தார்: பின்புறத்தின் நடுவைக் குடைந்து எடுத்து, அந்த எடையை விளிம்பைச் சுற்றிப் பரப்பினார். 1969இல் வந்த கே-1 அவ்வகையில் முன்னோடி. 1982இல் வந்த ஐ-2 உலகெங்கும் விற்று, சராசரி ஆட்டக்காரரின் பையின் தோற்றத்தையே மாற்றியது. ‘கேவிட்டி பேக்’ எனப்படும் குழிமுதுகு வடிவத்தை இன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் பின்பற்றுகின்றன.

இதன் அடியில் உள்ள இயற்பியல் பள்ளிப் பாடத்தில் வருவதுதான். சுழலச் செய்யும் விசைக்கு ஒரு பொருள் காட்டும் தயக்கத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிலைமத் திருப்புத்திறன் என்றும், இலங்கைப் பாடநூல்கள் சடத்துவத் திருப்பம் என்றும் சொல்கின்றன. நிறையைத் தொலைவின் இருமடியால் பெருக்கினால் அது கிடைக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளியிருக்கும் 20 கிராம் எஃகு அதற்கு 20 அலகு சேர்க்கும் என்றால், அதே 20 கிராமை 3 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தியதும் 180 அலகு சேர்க்கும். 7ஆம் எண் கோலின் தலை ஏறத்தாழ 270 கிராம் எடை கொண்டது. அந்த மொத்த எடையைக் கூட்டாமலே, இருக்கும் எடையை ஓரத்துக்குத் தள்ளுவதால் மட்டுமே இந்த ஆதாயம் கிடைக்கிறது. சுமார் 46 கிராம் எடையுள்ள பந்து தலையின் நுனிப்பக்கம் மோதினால் தலை பின்னோக்கித் திரும்பப் பார்க்கும்; அத்திருப்பம் குறையக்குறையப் பந்துக்குப் போய்ச்சேரும் வேகமும் திசையும் காக்கப்படும். கைப்பிடியை இறுக்கிக்கொண்டால் திரும்பாது என்று நம்புகிறவர்கள் உண்டு. பந்தும் முகமும் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கையின் பிடி அங்கே போய்ச்சேருவதற்குள் பந்து கிளம்பிவிடும்.

‘ஸ்வீட் ஸ்பாட் பெரிதாக்கப்பட்டது’ என்ற விளம்பர வாசகத்தையும் இந்த இடத்தில் திருத்திக்கொள்ளலாம். அது ஈர்ப்பு மையத்துக்கு நேரெதிராக முகத்தில் அமையும் ஒரு புள்ளி, புள்ளி பெரிதாகாது. அதைச் சுற்றிப் பட்டால் நேரும் இழப்புத்தான் குறைக்கப்பட்டிருக்கிறது.

இதனால் எந்தப் பிழையைக் கோல் பொறுக்கும், எதைப் பொறுக்காது என்பது தெளிவாகிறது. முகத்தில் பந்து பட்ட இடம் விலகியிருந்தால் பொறுக்கும். முகமே இலக்கை நேராகப் பார்க்காமல் திரும்பி நின்றாலோ, வீச்சின் பாதை குறுக்காக வந்தாலோ பொறுக்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பந்து அது போகும் வழியே வளைந்து போகும். பந்துக்கு முன்பே தரையைத் தொட்டுவிடும் பிழைக்கு ஓரளவு இடமுண்டு. ஆனால் அந்த இடத்தைத் தருவது விளிம்பு எடையன்று; அகன்ற அடிப்பாகமும் மழுங்கிய முன்விளிம்புமே மண்ணில் புதையாமல் வழுக்கிச் செல்ல உதவுகின்றன. இப்படி ஒரே அடைமொழிக்குள் இரண்டு மூன்று வெவ்வேறு உதவிகள் ஒளிந்திருக்கின்றன என்பதே வாங்குபவர் அறிய வேண்டியது.

ஆகவே ‘மிகவும் ஃபர்கிவிங்கானது எது?’ என்ற கேள்வி பயன் தராது. ‘என் பிழை எது?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அதை அறியக் கருவி ஏதும் வேண்டியதில்லை. கோலின் முகத்தில் பவுடரை மெல்லப் பூசிவிட்டுப் பயிற்சித் திடலில் கொஞ்ச நேரம் அடித்தால் பந்து பட்ட இடங்கள் தெரிந்துவிடும். தடங்கள் இடமும் வலமுமாகச் சிதறியிருந்தால் விளிம்பு எடை மிகுந்த, சற்று நீண்ட தலை பொருந்தும். முகத்தின் கீழ்ப்பகுதியிலேயே குவிந்திருந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்த கோல் பந்தை எளிதாக எழுப்பும். தடங்கள் நடுவில் இருந்தும் பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால், வலக்கைக்காரருக்குக் கோலைவிடப் பயிற்றுநரே தேவை. முகத்தைத் தண்டின் கோட்டுக்குச் சற்றுப் பின்தள்ளி அமைக்கும் ‘ஆஃப்செட்’ அந்த வளைவுக்குச் சிறிது உதவலாம். ஏற்கெனவே இடப்பக்கம் இழுப்பவருக்கோ அது கேட்டைக் கூட்டும்.

சாய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சில பத்தாண்டுகளுக்கு முன் 7ஆம் எண் கோலின் சாய்வு 35 பாகையை ஒட்டியிருந்தது. இன்று சராசரி ஆட்டக்காரருக்கென விற்கப்படும் 7ஆம் எண்ணில் அது பெரும்பாலும் 28 முதல் 30 பாகை. அதாவது பழைய 5ஆம் எண்ணின் சாய்வு. கடையில் புதியதை அடித்துப் பார்ப்பவர் தம் பழைய கோலைவிட இருபது கெஜம் கூடுதலாகப் போவதைக் கண்டு வியப்பார். அந்தத் தூரத்தில் பெரும்பங்கு தலையில் பொறித்த எண் தந்தது. ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தியதால் குறைந்த சாய்விலும் பந்து போதிய உயரம் எழும்புகிறது என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆயினும் ஒப்பிடும்போது எண்ணை விட்டுவிட்டுச் சாய்வை ஒப்பிட வேண்டும். இன்னொரு விளைவும் இருக்கிறது: தொகுப்பில் குறுந்தூர அடிகளுக்கான பிட்சிங் வெட்ஜ் 43 பாகைக்கு வந்துவிட்டால், மணற்குழியிலிருந்து பந்தை எடுக்க உதவும் 56 பாகை சேண்ட் வெட்ஜுக்கும் அதற்கும் இடையில் 13 பாகை இடைவெளி விழுகிறது, அதை நிரப்ப 50 பாகையை ஒட்டிய இன்னொரு கோலை வாங்க வேண்டிவரும்.

தண்டைப் பற்றி ஒன்று. எஃகுத் தண்டு பெரும்பாலும் 95 முதல் 130 கிராம். கிராஃபைட் அதைவிட நன்கு இலேசானது. வீச்சு வேகம் குறைந்தவர்களும் மூட்டுவலி உள்ளவர்களும் கிராஃபைட்டைத் தயங்காமல் எடுக்கலாம். 3, 4 ஆகிய எண்களை வாங்காமல் விட்டு அவற்றின் இடத்தில், மரத்தலைக் கோலும் இரும்புக்கோலும் கலந்த வடிவமான ‘ஹைப்ரிட்’ வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து; நீண்ட தண்டும் குறைந்த சாய்வும் சேர்ந்த கோலில் எவ்வளவு விளிம்பு எடை வைத்தாலும் சராசரி ஆட்டக்காரரின் கையில் பந்து எழும்புவதில்லை. மிகப்பெரிய தலை எல்லாருக்கும் ஏற்றது என்றும் எண்ண வேண்டாம். அகன்ற அடிப்பாகம் இறுகிய வறண்ட தரையில் துள்ளி, பந்தின் நடுவில் மோதிவிடக்கூடும். இந்தியாவின் கோடைத் திடல்களில் ஆடுபவர்கள் இதைக் கணக்கில் கொள்வது நல்லது.

இனித் தமிழ்ச் சொல். ‘மன்னிப்பு’ தமிழ்தானா என்ற பழைய வழக்கு ஒன்று உண்டு. உருதுவிலிருந்து வந்தது என்போரும், கன்னடம், தெலுங்கு இரண்டிலும் உறவுச் சொற்கள் இருப்பதைக் காட்டி மறுப்போரும் இருக்கிறார்கள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இங்கே அச்சொல் பொருந்தாமைக்குக் காரணம் வேறு: மன்னிப்பு செய்த பிழையை இல்லையென்று ஆக்கிவிடும், இந்தக் கோலோ பிழையின் சுமையில் ஒரு பங்கைத் தான் ஏற்கிறது. அதற்குத் தமிழில் வினை ஆயத்தமாக இருக்கிறது: பொறுத்தல். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்ற குறளில் தாங்குதலும் பொறுத்தலும் இணைந்தே வருகின்றன. அந்த வினையிலிருந்து பிறந்த ‘பொறை’ பொறுமையையும் குறிக்கும், சுமையையும் குறிக்கும். எடையை இடம் மாற்றிப் பிழையைத் தாங்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இந்தக் கருவிக்கு வழங்கும் ‘கிளப்’ என்பதற்கு மட்டையைவிடக் கோலே ஏற்றது. மட்டை, தென்னை மட்டை போலத் தட்டையாக அகன்றது. இதுவோ நீண்ட தண்டின் முனையில் சிறு தலை. ஹாக்கியை வளைகோற்பந்து என்று வழங்கிய முன்னுதாரணமும் இருக்கிறது. இலக்கணப்படி, இருப்புப்பாதை என்பதுபோல் ‘இருப்புக்கோல்’ என்று புணர்க்கலாம். கடையில் அப்படி எழுதி வைத்தால் கையிருப்பில் உள்ள கோல் என்று படித்துவிடுவார்கள். ஆகவே ‘பிழைபொறுக்கும் இரும்புக்கோல்’ என்பதே தெளிவு. பண்பைத் தனியாகக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘பொறுதி’ போதும்: ‘இந்தக் கோலின் பொறுதி அதிகம்’. பேச்சில் ‘அயன்’ என்பதையும் ‘கோல்ஃப்’ என்பதையும் விலக்க வேண்டியதில்லை. குழிப்பந்தாட்டம் என்ற பெயர் எழுத்தில் இருந்தும் ஆடுபவர்கள் வாயில் அது இன்னும் ஏறவில்லை.

ஆட்ட விதிகளில் ‘ஃபர்கிவிங்’ என்ற சொல்லுக்கு வரையறை கிடையாது. டிரைவர் போன்ற பெருந்தலைக் கோல்களின் நிலைமத் திருப்புத்திறன், ஈர்ப்பு மையத்தின் வழியே செல்லும் செங்குத்து அச்சைப் பொறுத்து 5900 கிராம் சதுர செ.மீ. அளவைத் தாண்டக்கூடாது, சோதனைப் பிழைக்கென 100 கூடுதலாக அனுமதி உண்டு. இரும்புக்கோலின் சிறிய தலை அந்த வரம்பின் பக்கத்தில்கூட வருவதில்லை. எனவே இரண்டு இரும்புக்கோல்களில் எதற்குப் பொறுதி அதிகம் என்று விற்பவர் சொன்னால், பவுடர் பூசி இரண்டையும் ஒரே சாய்வில் அடித்துப் பார்ப்பதைத் தவிர வாங்குபவருக்கு வேறு அளவுகோல் இல்லை.