மேசைக்கு அடியில் மெயில் சேர்வர், பில் மெஷினில் வைரஸ்

புறக்கோட்டையில் மிளகாய், மஞ்சள், பருப்பு இறக்குமதி செய்கிற ஒரு மொத்தக் கடை. மாடியில் சின்ன ஒபிஸ், அங்கே மேசைக்கு அடியில் சொந்த மெயில் சேர்வர். "தம்பி, அனுப்புற மெயில் எல்லாம் 550 எண்டு திரும்பி வருது, சேர்வரை யாரோ உடைச்சிட்டாங்கள் போல" என்று முதலாளி கோல் எடுத்தார். (550 என்றால் எதிர்ப்பக்கத்து சேர்வர் மெயிலை ஏற்க மறுத்துவிட்டது என்று அர்த்தம்.) போய்ப் பார்த்தால் சேர்வரில் ஒரு குறையும் இல்லை. ஃபயர்வோலில் உள்ளே வருகிற போர்ட்களையும் (ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்குமான எண் போட்ட கதவுகள்) முன்பு வேலை செய்தவர் அளவாகத்தான் திறந்திருந்தார்.

வெளியே போகிற பக்கம்தான் ஓட்டை. அங்கே ஒரே ஒரு ரூல், எல்லாவற்றுக்கும் அனுமதி. ஃபயர்வோல் லொக்கில் (பதிவேட்டில்) 25-ஐ, அதாவது மெயில் சேர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கிற போர்ட்டை, மட்டும் வடிகட்டினேன், 192.168.1.37 நிமிடத்துக்குப் பல தடவை முன்பின் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் இணைந்துகொண்டிருந்தது. கீழே பில் அடிக்கிற விண்டோஸ் 7 மெஷின் அது (2020 ஜனவரியோடு மைக்ரோசொஃப்ட் கைவிட்டது). வைரஸ் புகுந்து ஸ்பாம் அனுப்பியிருக்கிறது. கடையில் உள்ள எல்லாமே ஒரே பொது ஐபி வழியாகத்தான் வெளியே போகிறது, அதனால் எதிர்ப்பக்கத்துக்குப் பில் மெஷினும் மெயில் சேர்வரும் ஒன்றுதான். ஸ்பாம் அனுப்புகிற ஐபிகளைப் பட்டியலிடுகிற ஸ்பாம்ஹவுஸின் பட்டியலில் அந்த ஐபி ஏறியிருந்தது, 550 வந்தது அதனால்தான்.

ஆகவே நான் போட்ட முதல் ரூல்: வெளியே 25 போக மெயில் சேர்வருக்கு மட்டும் அனுமதி, மற்ற எல்லோருக்கும் தடை, தடுத்ததை லொக்கில் எழுது. ஊழியர்களின் அவுட்லுக்குக்கும் ஃபோனுக்கும் 25 தேவையே இல்லை. அவர்கள் அனுப்புவது 587-இலோ 465-இலோ. 465 தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் (மறையாக்கம்), 587 சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு டிஎல்எஸ்ஸுக்கு மாறும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம் முதல் வகையைத்தான் விரும்புகிறது, நானும் அப்படித்தான். மெயிலை வாசிக்க 993. மறையாக்கம் இல்லாமல் தொடங்குகிற 143, 110 இரண்டையும் வெளியிலிருந்து மூடிவிடுங்கள். பொப்3 (மெயிலை மெஷினுக்கு இறக்கி எடுக்கிற பழைய முறை) கட்டாயம் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் 995.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் உள்ளே வருகிற 25-ஐயும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம்! உலகத்தில் உள்ள மற்ற மெயில் சேர்வர்கள் உங்கள் கதவைத் தட்டுவது அந்த ஒரு போர்ட்டில்தான். மூடினால் உடனே சத்தம் வராது, ஏனென்றால் அனுப்புகிற சேர்வர் நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுத்தான் கைவிடும். அதற்குள் எத்தனை ஓடர் போயிருக்குமோ. 25-ஐத் திறந்தே வையுங்கள், ஆனால் அதில் பாஸ்வேர்ட் லொகினை நிறுத்துங்கள், வேறு டொமைனுக்குப் போகிற மெயிலை வெளியாரிடமிருந்து வாங்காதபடி ரிலேயையும் பூட்டுங்கள்.

இன்னொன்று, ஒபிஸுக்குள் இருந்தே சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று எழுந்து போகாதீர்கள். உள் நெட்வொர்க்கில் பல ரூல்கள் குறுக்கே வருவதே இல்லை. நான் கீழே தேநீர்க் கடையில் ப்ளேன்டீ ஒன்று சொல்லிவிட்டு, ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பைப் போட்டு ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்ப்பேன். அதிலும் ஒரு கண்ணி உண்டு: வெளியே போகிற 25-ஐத் தடுத்து வைத்திருக்கிற இணைய நிறுவனங்கள் பல, கிளவுட் நிறுவனங்களும் அப்படித்தான். எனவே 25 திறக்கவில்லை என்றால் குற்றம் உங்கள் ஃபயர்வோலில் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், ஜிமெயிலில் இருந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அதற்கும் தனியாக ரூல் வேண்டும், இதை நானே ஒரு தடவை மறந்திருக்கிறேன்.

ஆமாம், அந்தக் கடை. ரூல் போட்ட பிறகும் இரவு முழுக்க பில் மெஷின் (.37) முட்டி மோதிக்கொண்டே இருந்தது, லொக்கில் பக்கம் பக்கமாகத் தடை வரிகள். மறுநாள் கடை திறக்க முதலே போய் வயரைக் கழற்றினேன். "பில்லைக் கையால எழுதுறதோ?" என்று கஷியர் அண்ணை கேட்டார். இரண்டு நாள் அப்படித்தான் எழுதினார்.