கீமோவுக்கு முன் பல் டாக்டரையும் பாருங்கள்

என்னிடம் வரும் புற்றுநோயாளிகளில் பலர், ஒன்றிரண்டு கீமோ ஆன பிறகுதான் வருகிறார்கள். வாய் முழுக்கப் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்பார்கள். முதல் கீமோவுக்கு முன்பே வந்திருந்தால் எத்தனையோ செய்திருக்கலாம்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். வாயின் உட்தோலும் அப்படிப் பெருகுவதுதான். அதனால் மருந்து ஏறிய 5 முதல் 10 நாளில் எரிச்சல், சிவப்பு, அப்புறம் புண். ஏறக்குறைய அதே நாட்களில் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறையும். இத்தனை நாள் சும்மா கிடந்த சொத்தைப் பல் அப்போது சீழ் பிடித்தால், கிருமி ரத்தத்தில் கலக்கலாம். பல்லைப் பிடுங்கினாலோ ரத்தம் நிற்பது கஷ்டம். எனவே பிடுங்க வேண்டியதைக் கீமோவுக்குப் பத்து, பதினான்கு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. நாக்கைக் கிழிக்கும் பல் முனை, ஆடும் பல்செட் எல்லாம் அதே சமயம் சரிசெய்யலாம். ரத்தப் புற்று போல உடனே தொடங்க வேண்டியதென்றால், பல்லுக்காகக் கீமோவைத் தள்ளிப்போடச் சொல்லவே மாட்டேன்.

புண் வந்ததும் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு வருபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், இன்னும் வெந்துபோகும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் அப்படியே. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. இதை நாளைக்குப் பலமுறை கொப்பளித்தால் போதும். மிக மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்குவதை நிறுத்த வேண்டாம். ஊறுகாயையும் முறுக்கையும் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, ஆறிய கஞ்சி, குழைந்த பருப்பு சாதம் சாப்பிடுங்கள். ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை ஒரே ஊசியாக ஏற்றும்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டு சுவைத்தால் புண் குறையும். ஆனால் கூடவே ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் போடுபவர்களுக்குக் குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாது; டாக்டரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

நாக்கில் வெள்ளைப் படலம் பெரும்பாலும் பூஞ்சை, மருந்து உண்டு. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கீமோ கொடுத்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்குச் சில சமயம் தாடை பல்வலி மாதிரியே வலிக்கும். பல்லில் ஒன்றும் இருக்காது, நரம்பு வலி அது. இந்த மருந்து போட்ட விவரத்தைப் பல் டாக்டரிடம் சொல்லாவிட்டால் நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) நடந்துவிடும்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு எலும்பைக் காக்கப் போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசியையும் மறைக்காதீர்கள். அதற்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஊசி நிறுத்தி ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சரி, பழைய ஃபைலை எடுத்து வாருங்கள்.