வாக்கர்: நடப்பவர் அல்ல, மிதிப்பவர்

ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் வீறுநடை போடுவாரே, அந்த உருவத்தை முதலில் 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். படம் அழகுதான். ஆனால் வாக்கர் என்ற குடும்பப் பெயருக்கும் நடைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது கம்பளித் துணியைக் காலால் மிதித்தவர்களின் பெயர்.

பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்றொரு வினைச்சொல் இருந்தது. உருட்டு, புரட்டு, அலைக்கழி என்பது அதன் பொருள். 'நட' என்ற பொருள் 13-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் அதில் ஏறியது. பெயர் பழைய பொருளிலிருந்து வந்தது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தறியிலிருந்து இறங்கிய கம்பளி எண்ணெய்ப் பிசுக்கோடு, இழை இழையாக விலகித் தொளதொளவென்று இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்டுப் புளித்த சிறுநீரை ஊற்றி, முழங்கால்வரை உடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக மிதிப்பார்கள். சிறுநீரில் இருக்கும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். அப்புறம் ஒருவகைக் களிமண்ணைச் சேர்த்து மறுபடியும் மிதி. கம்பளி மயிரின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, துணி சுருங்கித் தடிக்கும். இங்கிலாந்தின் குளிரைத் தாங்கிய துணி இந்த நாற்றத்திலிருந்துதான் பிறந்தது. அந்தக் கால்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இந்த ஒரே தொழிலுக்கு ஊருக்கு ஒரு பெயர். வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். ஃபுல்லர், 'ஃபுல்லோ' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. டக்கரின் வேர்ச்சொல்லுக்கு 'வதை செய்' என்றே பொருள். துணி பட்ட பாடு அப்படி! எக்ஸிட்டர் நகரில் 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது; நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்த சங்கத்தின் கட்டடம் அது.

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நீர்ச்சக்கரம் வந்துவிட்டது. காலுக்குப் பதில் மரச் சம்மட்டிகள் துணியை இடித்தன. ஆனாலும் பெயர் போகவில்லை. 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் சாதாரணக் குடும்பங்களில் பெயர்கள் பரம்பரையாக ஒட்டிக்கொள்ளத் தொடங்க, தாத்தாவின் தொழில் பேரனுக்கு விலாசம் ஆனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேருக்கு மிக அருகில் நிற்பது 'துவை'. அடிப்பது, இடிப்பது, மிதித்து உழக்குவது எல்லாம் அதற்குள் உண்டு. துவையலும் அதன் பிள்ளைதான். ஆனால் இன்று 'துவைப்பவர்' என்றால் சலவைதான் நினைவுக்கு வரும். அதனால் தொழிலைச் சொல்லும்போது 'கம்பளி மிதிப்பவர்' என்பதே என் தேர்வு. ஆளின் பெயராக வரும்போது மொழிபெயர்க்கவே கூடாது. வாக்கர் வாக்கராகவே இருக்கட்டும். எழுத்தில் இருக்கும் 'ல்' ஒலி பேச்சில் எப்போதோ தேய்ந்துவிட்டது, ஆகவே 'வால்க்கர்' வேண்டாம்.

அந்தத் தொட்டியில் போட்ட களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று பெயர். நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி அந்த வகை மண்தான்.