வெளிநாட்டு விமானத்துக்கு எத்தனை மணி நேரம் முன்பு செல்ல வேண்டும்: அறிவுரை எது, விதி எது?

வெளிநாடு செல்பவர் விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும் உள்நாட்டுப் பயணத்துக்கு 2 மணி நேரம், பன்னாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் என்றுதான் அறிவுறுத்துகிறது. ஆனால் இது அறிவுரை மட்டுமே. இரண்டே கால் மணி நேரம் இருக்கும்போது வந்து சேர்ந்தார் என்ற ஒரே காரணத்துக்காக எந்த விமான நிறுவனமும் பயணியைத் திருப்பி அனுப்புவதில்லை. திருப்பி அனுப்பும் உரிமையை நிறுவனத்துக்குத் தருவது வேறொரு நேரம். பயணச்சீட்டுடன் சேர்த்து நாம் ஏற்றுக்கொள்ளும், பெரும்பாலும் படிக்காமலேயே ஏற்றுக்கொள்ளும், பயண ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. செக்-இன் மூடும் நேரம் என்று அதற்குப் பெயர்.

பன்னாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பு செக்-இன் கவுண்டரை மூடிவிடுகின்றன. சில நிறுவனங்களும் சில விமான நிலையங்களும் 75 அல்லது 90 நிமிடம் என்று வைத்திருக்கின்றன. ஒரே நிறுவனம் ஊருக்கு ஊர் வேறு வேறு கெடு வைத்திருப்பதும் உண்டு. ஆகையால் சென்ற முறை பயணம் செய்த அனுபவத்தை நம்பாமல், இம்முறை எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறோமோ அந்த நிலையத்துக்கான நேரத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு அடுத்த கெடு கேட் மூடும் நேரம். இது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 15 அல்லது 20 நிமிடம் முன்பு. சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரம் விமானம் தரையை விட்டு எழும்பும் நேரமன்று. நிறுத்திய இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம். அந்த நிமிடத்தில் கதவு மூடி, படிக்கட்டோ இணைப்புப் பாலமோ விலகியிருக்க வேண்டும். 11 மணி விமானத்துக்கு 10.50-க்குக் கேட்டின் முன் நின்று, கண்ணாடிக்கு அப்பால் விமானம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வாதாடுபவர்கள் தோற்பதற்குக் காரணம் இதுதான்.

ஒருவருக்காக ஐந்து நிமிடம் பொறுத்தால் என்ன என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். நெரிசல் மிகுந்த வான்பரப்பில் ஒவ்வொரு விமானத்துக்கும் மேலெழும் நேரம் ஒதுக்கப்படுகிறது. ஐரோப்பாவில் அந்த ஒதுக்கீட்டுக்கு 5 நிமிடம் முன்னும் 10 நிமிடம் பின்னும் மட்டுமே சலுகை உண்டு. அதைத் தவறவிட்ட விமானம் புதிய நேரத்துக்காகக் காத்திருக்க நேரிடும். அதில் அமர்ந்திருக்கும் முந்நூறு பேரில் பலர் அடுத்த இணைப்பு விமானத்தை இழப்பார்கள்.

அறுபது நிமிடம் என்ற கெடுவுக்கு மேலும் கனமான ஒரு காரணம் உண்டு. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலின் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தனர். குண்டு இருந்த பெட்டியைப் பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டி மட்டும் பயணம் செய்தது. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊரின் மேல் பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்த வழக்கிலும் உடன் பயணி இல்லாத பெட்டியிடமே விசாரணை சென்று நின்றது. பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியும் விமானத்தில் இருக்கக் கூடாது என்பது இன்று பன்னாட்டுப் பாதுகாப்பு நெறி. பதிவு செய்த ஒருவர் கேட்டுக்கு வராவிட்டால், சரக்கறையில் அடுக்கிய நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்குள் அவருடையதைத் தேடி இறக்க வேண்டும். கவுண்டர் மூடிய பிறகு வரும் பெட்டியை ஊழியர் ஏற்க மறுப்பதற்கும், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் திரும்பத் திரும்ப அழைப்பதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. இதனுடன் பயணிகளின் பெயர், பாஸ்போர்ட் விவரங்களைச் சேருமிட நாட்டுக்கு முன்கூட்டியே அனுப்பும் கடமையும் நிறுவனத்துக்கு உண்டு. அமெரிக்கா செல்லும் விமானங்களில் கதவு மூடுவதற்கு முன்பே அந்தப் பட்டியல் சரிபார்க்கப்பட்டாக வேண்டும்.

ஆகவே நேரத்தைப் புறப்பாட்டிலிருந்து பின்னோக்கி எண்ணாமல், செக்-இன் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை. விமானம் 11 மணிக்கு, கவுண்டர் மூடுவது 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு வந்தவருக்கு மூன்று மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் கவுண்டர் வரிசைக்கு அவரிடம் இருப்பது இரண்டு மணி நேரம். 9.15-க்கு வந்தவருக்கு முக்கால் மணி நேரம். கவுண்டர் மூடும்போதுதான் பெட்டியைக் கொடுக்கிறார் என்றால், அதன் பிறகு குடியகல்வுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, கேட் வரை நடை ஆகிய மூன்றுக்கும் 10 மணி முதல் கேட் மூடும் 10.40 வரையிலான நாற்பது நிமிடமே எஞ்சுகிறது. பெரிய நிலையங்களில் தானியங்கி ரயிலேறிச் செல்ல வேண்டிய கேட்டுகளும் உண்டு; அந்த நடைக்கே இருபது நிமிடம் போய்விடும். கவுண்டர் மூடும் கடைசி நிமிடத்தில் பெட்டி கொடுத்தவர் விதிப்படி சரியாக நடந்தும் கேட்டில் தோற்கலாம்.

வீட்டிலிருந்தே வெப் செக்-இன் செய்து போர்டிங் பாஸைக் கைபேசியில் வைத்திருப்பவர்கள் தாமதமாக வரலாம் என்று நினைக்கிறார்கள். உள்நாட்டுப் பயணத்தில் அது ஓரளவு சரி. பன்னாட்டுப் பயணத்தில் அது பாதி உண்மைதான், ஏனென்றால் அந்தப் பாஸ் கையில் இருந்தாலும் ஊழியர் ஒருவர் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கண்ணால் பார்க்கும்வரை பல நிறுவனங்கள் பயணியை ஏற்றுவதில்லை. உரிய ஆவணம் இல்லாத ஒருவரைக் கொண்டுபோய் இறக்கினால் அபராதம் நிறுவனத்தின் தலையில் விழும். பிரிட்டனில் அது பயணி ஒருவருக்கு 2,000 பவுண்டு. திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் நிறுவனத்தினுடையதே. அதனால்தான் கவுண்டர் ஊழியர் எந்த நாட்டவருக்கு எந்த நாட்டில் என்ன ஆவணம் தேவை என்பதைத் தொகுத்து வைத்திருக்கும் டிமாட்டிக் தரவுத்தளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், திரும்பி வரும் சீட்டைக் காட்ட வேண்டும், மாறிச் செல்லும் நாட்டுக்கும் இடைவழி விசா வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் வெளிப்படும் இடம் இந்த மேசைதான். என் மதிப்பீட்டில், விமானத்தைத் தவறவிடுபவர்களில் போக்குவரத்து நெரிசலைக் குறை சொல்லும் பலரும் உண்மையில் இந்த மேசையில்தான் நேரத்தை இழக்கிறார்கள்.

விசா தேவையில்லாத நாட்டவருக்கும் இது பொருந்தும். விசா விலக்கில் அமெரிக்காவுக்கு விமானத்தில் செல்பவர் 2009 முதல் இணையவழி முன் அனுமதி பெற்றாக வேண்டும். 72 மணி நேரம் முன்பே விண்ணப்பிக்குமாறு அந்நாட்டு அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். கனடாவும் பிரிட்டனும் இதே போன்ற முறையை நடத்துகின்றன. கவுண்டருக்கு வந்து நின்றபின் கைபேசியில் விண்ணப்பித்து அனுமதி வருமா என்று காத்திருப்பவருக்கு மூன்று மணி நேரமும் போதாமல் போகலாம்.

குடியகல்வுச் சோதனை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. வெளியேறும் பயணிக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனியாகக் குடியகல்வு மேசை கிடையாது. ஆசிய நாடுகள் பலவற்றில் அதற்கெனவே நீண்ட வரிசை உண்டு. தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிக்கொண்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கொண்டுவந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக வெளிநாட்டவரின் முகமும் விரல் ரேகையும் பதிவாகின்றன. திரும்பும்போதும் பயணி அந்த முறையின் வழியாகவே வெளியேற வேண்டும். இன்னொரு விதிவிலக்கு, டப்ளின், அபுதாபி, டொரன்டோ போன்ற நிலையங்களில் உள்ள அமெரிக்க முன்சோதனை. அங்கிருந்து அமெரிக்கா செல்பவர் அந்நாட்டின் குடிவரவையும் சுங்கத்தையும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிக்கிறார். போய் இறங்கியதும் உள்நாட்டுப் பயணிபோல வெளியே நடக்கலாம் என்பது இதன் இன்பம். அந்த நேரம் புறப்படும் பக்கத்தில் கழிக்கப்படுகிறது என்பது இதன் விலை.

பாதுகாப்பு வரிசையின் நீளம் நம் கையில் இல்லை. வரிசையின் முனையில் நாம் எடுத்துக்கொள்ளும் நேரம் நம் கையில் இருக்கிறது. விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் பிடிபட்டதைத் தொடர்ந்து, கைப்பையில் ஒவ்வொரு திரவமும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் என்ற விதி பரவியது. புதிய வகை ஸ்கேனர் வைத்த சில நிலையங்கள் இதைத் தளர்த்தியிருந்தாலும், திரும்பி வரும் ஊரில் பழைய விதியே இருக்கலாம். பவர் பேங்க் இதற்கு நேர்மாறானது: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்காகப் போகும் பெட்டியில் இருக்கக் கூடாது. பெட்டியில் போட்டவரைத் திரும்ப அழைத்துத் திறக்கச் சொல்வார்கள். அது நிகழ்வது பெரும்பாலும் அவர் பாதி வழி கடந்த பிறகுதான்.

சக்கர நாற்காலி போன்ற உதவி வேண்டுபவர்கள் 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 ஒழுங்குமுறை. நிறுவனம் தனியாக நேரம் குறிப்பிடாவிட்டால், செக்-இன் மேசைக்கு ஒரு மணி நேரம் முன்பும், வாகன நிறுத்தம் போன்ற நிலைய எல்லைக்குள் ஒதுக்கப்பட்ட உதவி இடத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் வர வேண்டும் என்றும் அது சொல்கிறது. வாங்கிய பொருளுக்குச் சுற்றுலாப் பயணிக்கான வரியைத் திரும்பப் பெற நினைப்பவர், பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டுச் சுங்க மேசைக்குப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் சுங்கம், பிறகு கவுண்டர். இதற்கு அரை மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டும் தேதியில் தவறுபவர்கள் உண்டு. 15-ஆம் தேதி 00.40 மணி என்று அச்சிட்டிருந்தால், அந்த விமானத்துக்கு 14-ஆம் தேதி இரவு 9.40-க்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு வந்து நிற்பவருக்கு விமானம் ஏறத்தாழ ஒரு நாள் முன்பே போய்விட்டிருக்கும். சீட்டில் உள்ள எல்லா நேரங்களும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மிக முன்னதாக வருவதிலும் பெரிய பயன் இல்லை. பல நிறுவனங்கள் கவுண்டரை மூன்று அல்லது நான்கு மணி நேரம் முன்புதான் திறக்கின்றன. அதற்கு முன் பெட்டியை வாங்க ஆள் இருக்க மாட்டார். திறக்கும் நேரத்தில் முதல் இருபது பேருக்குள் நிற்பதே போதும். கைப்பை மட்டும் உள்ளவர், விசா சிக்கல் ஏதும் இல்லாதவர், அந்த நிலையத்தை நன்கு அறிந்தவர் இரண்டு மணி நேரம் முன்பு வந்தால் பொதுவாகப் போதும். பெட்டி, குழந்தை, முதியவர், விடுமுறைக் காலம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே மூன்று மணி நேரம் தேவைப்படும்.

தவறவிட்டவருக்கு என்ன உரிமை உண்டு என்பது அவர் எந்த இடத்தில் தவறவிட்டார் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, இருக்கைக்கு மேல் சீட்டு விற்றுவிட்டு ஏற்ற மறுக்கும் நிறுவனம் தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த உரிமை குறித்த நேரத்தில் செக்-இன்னுக்கு வந்தவருக்கே உண்டு. நிறுவனம் நேரமே குறிப்பிடாத நிலையில் 45 நிமிடம் முன்பு என்று அந்த ஒழுங்குமுறையே கெடு வைக்கிறது. அமெரிக்க விதியும் செக்-இன் கெடுவைக் கடைப்பிடித்தவருக்கு மட்டுமே இழப்பீடு தருகிறது. கெடு தாண்டி வந்தவர் வராதவராகக் கருதப்படுவார். அப்போது பல நிறுவனங்கள் அதே சீட்டின் மீதிப் பயணங்களையும், திரும்பி வரும் பயணம் உட்பட, ரத்து செய்துவிடும். அதனால் விமானம் போய்விட்டது என்று தெரிந்தாலும் புறப்படும் நேரத்துக்கு முன்பே நிறுவனத்துடன் பேசி மீதிச் சீட்டைக் காப்பாற்றுவது அவசியம். பயன்படாத சீட்டில் விமான நிலைய வரிகளைத் திரும்பக் கேட்க முடியுமா என்பதையும் அந்தப் பேச்சிலேயே கேட்டுவிடலாம்.

நேரத்துக்கு வந்தும் பாதுகாப்பு வரிசையில் சிக்கித் தவறவிட்டவரின் நிலை இன்னும் குழப்பமானது, ஏனென்றால் பல நாடுகளில் அந்த வரிசை விமான நிறுவனத்தின் பொறுப்பில் இல்லை. ஜெர்மனியில் அந்தச் சோதனை அரசின் பொறுப்பு என்பதால், 2022-இல் பிராங்பர்ட் மேல்நிலை நீதிமன்றம், உரிய நேரத்தில் வந்தும் நீண்ட காத்திருப்பால் விமானத்தை இழந்த பயணிக்கு அரசு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இப்படிக் கோரிக்கை வைக்க விரும்புபவர் எப்போது வந்தார் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். பெட்டி ஒப்படைத்த சீட்டு, வாகன நிறுத்தக் கட்டணச் சீட்டு, டாக்ஸிக் கட்டண ரசீது ஆகிய மூன்றிலும் நேரம் அச்சாகியிருக்கும். வரிசையில் நிற்கும்போதே கேட் மூடும் நேரம் நெருங்கிவிட்டால் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டிச் சொல்ல வேண்டும். நேரம் குறைந்தவர்களை முன்னால் அழைக்கும் வழக்கம் பல நிலையங்களில் உண்டு. அழைப்பு வரும்வரை பேசாமல் நிற்பவரை யாரும் தேடி வர மாட்டார்கள்.