பழவேற்காடு: முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது?

சென்னைக்கு வடக்கே இருக்கும் சிறிய மீனவ ஊர் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். இங்கிருந்து துணி ஏற்றிப் போய்த் தென்கிழக்காசியாவில் மசாலாப் பொருள்களுக்கு மாற்றினார்கள். ஆனால் அவர்களுடைய பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வரவே முடியாது. வெளியே திறந்த கடலில் நங்கூரமிட, படகுகள்தான் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

காரணம், முகத்துவாரம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பது நீளமான மணல் திட்டுகள். ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் அவற்றில் ஒன்றுதான். அந்த மணலில் விழுந்த திறப்புதான் முகத்துவாரம்.

அதை அடைப்பது அலை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. நீர் சாய்வாக ஏறுகிறது, நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே நகர்கிறது. வாடைக்காலத்தில் இது திசை மாறினாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம், அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர். வழியில் திறப்பு வந்தால் மணல் அதிலேயே படிகிறது.

அதைத் தள்ளிவிட ஏரிக்கு இரண்டு பலம் உண்டு. ஒன்று, கடல் மட்டம் ஏறி இறங்கும் ஏற்றவற்றத்தில் உள்ளே போய் வெளியே வரும் நீர். இந்தக் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் அதன் வேகம் குறைவு. இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் வெள்ளம். வெள்ளம் வடிந்து கோடை வந்தால் மணல் ஜெயித்துவிடும்.

அப்புறம் அடி வாங்குவது மீனவர்கள்தான். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளரும். முகத்துவாரம் அடைபட்டால் அவை உள்ளே வர முடியாது. வெயிலில் நீர் வற்றி உப்பு ஏறும். படகுகள் கடலுக்குப் போகும் வழியும் போய்விடும். மணலைத் தோண்டி வழி திறந்தாலும் அடுத்த கோடையில் பழைய கதைதான்.

இருபுறமும் கருங்கல் சுவர் கட்டினால் திறப்பு நிற்கும் என்பது மீனவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. அது நியாயமானது. ஆனால் சுவர் தடுக்கும் மணல் வடக்குக் கரைக்குப் போய்ச் சேராது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். ஆகவே சுவர் கட்டுவதோடு, தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டும் வேலைக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும்.