பிளாண்டர் என்றால் தோட்டக்காரரா?

'தோட்டக்காரரின் வாரிசுகள் கயானாவில் மன்னிப்புக் கேட்டனர்.' 2023இல் வந்த ஒரு செய்தியை இப்படித் தமிழாக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த சொல் 'பிளாண்டர்' (planter). செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாராமா என்று வீட்டில் கேட்டார்கள். இந்தத் 'தோட்டக்காரரை' எத்தனை தடவைதான் பார்ப்பது!

அவர் ஜான் கிளாட்ஸ்டன். லிவர்பூல் வணிகர், பின்னாளில் பிரிட்டன் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. இன்றைய கயானாவைச் சேர்ந்த டெமராராவிலும் ஜமைக்காவிலும் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தவர், அந்தப் பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. அடிமை முறையை ஒழித்தபோது, 'உடைமை' போனதற்கு ஈடாக அரசு அவருக்குக் கொடுத்தது 1,06,769 பவுன். அந்தக் கணக்கில் இருந்த அடிமைகள் 2,508 பேர். அவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

'பிளாண்டர்' என்ற சொல்லின் வேர் லத்தீன் 'பிளாந்தா', அதாவது நாற்று. ஆங்கிலத்தில் 'பிளாண்டேஷன்' முதலில் ஆட்களைக் கொண்டுபோய் 'நட்ட' குடியேற்றத்தையும் குறித்தது. 1609இல் அயர்லாந்தின் வடபகுதியில் தொடங்கிய அல்ஸ்டர் குடியேற்றம் அப்படிப்பட்டதுதான். கரும்பும் அடிமைக் கப்பலும் சேர்ந்த பிறகே இன்றைய பொருள் நிலைத்தது. சரி, வேர் போதும்.

வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லாம் உரிமையாளர்தானே, தோட்டக்காரர் மட்டும் ஏன் கூடாது என்பார்கள். கொங்குப் பக்கம் கிணற்றுப் பாசன நிலமே தோட்டம்தான், அதன் சொந்தக்காரர் தோட்டத்துக்காரர். நியாயம்தான். ஆனால் எழுத்தில் 'தோட்டக்காரர்' என்றதும் பெரும்பாலோர் கண்ணுக்கு வருவது கத்தரிக்கோலும் கையுமாக நிற்கும் ஆள்.

இதைவிட எரிச்சல் 'பண்ணையார்'. மண்வாசனை வேண்டுமாம்! நம் பண்ணையார் ஊரிலேயே இருப்பார், குடை பிடித்து வரப்பில் நடப்பார். விளைவது நெல். பண்ணையாளைக் கட்டிப்போட்டவை கடனும் சாதியும். (அது சின்னக் கொடுமை என்று நான் சொல்லவில்லை.) டெமராராவிலோ கரும்பை வெட்டிய கையோடு ஆலையில் பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். வேலை செய்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள்; கணக்குப் புத்தகத்தில் பெயருக்கு எதிரே விலை இருக்கும். 'பண்ணையார்' என்று போட்டால் வாசகர் தஞ்சாவூரில்தான் போய் இறங்குவார்.

இலங்கை மலையகத்துத் 'துரை'யும் உதவாது. பெரியதுரை, சின்னதுரை எல்லாம் தோட்டத்தை நடத்தும் சம்பளக்காரர்கள். ஆனால் அதே இலங்கையில் பாடநூலிலும் அரசு ஆவணத்திலும் புழங்கும் நல்ல சொல் ஒன்று உண்டு: பெருந்தோட்டம். அதை எடுத்துக்கொண்டு 'பெருந்தோட்ட முதலாளி' என்பேன். கிளாட்ஸ்டன் போட்டது முதல்தானே, மண்வெட்டி அல்லவே. தேவைப்படும் இடத்தில் 'அடிமைகளை வைத்திருந்த' என்று முன்னால் சேர்க்கலாம். நீளம்தான், இருக்கட்டும். சுருக்கம் பார்த்துத்தான் இந்த வினையே வந்தது.

அப்புறம் இன்னொன்று. 1823இல் டெமராராவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள்; தொடங்கியது கிளாட்ஸ்டனின் 'சக்சஸ்' தோட்டத்தில். முன்னின்றவர்களில் ஒருவர் ஜாக் கிளாட்ஸ்டன், பீப்பாய் செய்பவர். அவருடைய அப்பா குவாமினா, அதே தோட்டத்துத் தச்சர். அடிமையின் பெயரோடு முதலாளியின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம். அந்தத் தமிழாக்கத்தில் அவரைத் 'தோட்டக்காரரின் மகன் ஜாக்' என்று போட்டிருந்தார்கள்.